காற்றுக்குக் கட்டிய பட்டறை

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பாகூர் ரோட்டோரத்தில், வயலை ஒட்டி, தகர ஷீட் போட்ட ஒரு பட்டறையை வீட்டுக்காரரோடு சேர்ந்து நடத்தினவளுக்கு வாயும் இல்லாமல் போயிருந்தால் எங்களை என்றைக்கோ ஏப்பம் விட்டிருப்பார்கள். அவர் இரும்பு கடைகிற லேத்தில் நிற்பார். நான் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவேன். வருகிற ஆளிடம் அவர் "ஆவட்டும்", "பாக்கலாம்" என்பதற்கு மேல் பேசமாட்டார். மிச்சத்தை நான்தான் பேசியாக வேண்டும்.

அதற்கு முன்னால் அவர் மஸ்கட்டில் இருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு பிளேன் ஏறியவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியும் சென்ட் பாட்டிலுமாக வந்து இறங்குவார். வந்தவர் முகம் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். ஒரு தடவை அப்படி வந்திருந்தபோது எங்கள் மகளுக்குப் பேச்சு நன்றாக வந்துவிட்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவரைப் பார்த்துக்கொண்டே அவள் என்னிடம், "இவரு எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். குழந்தை மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. அவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அடுத்த முறை வந்தவர், இனி போகப்போவதில்லை என்றார். கோயம்புத்தூரில் ஒரு பழைய லேத்தைப் பார்த்து வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டிக்கொண்டு வந்த என்னைக்கூட அந்த ஆள் அவ்வளவு பத்திரமாக வண்டியிலிருந்து இறக்கியதில்லை.

என் கணக்கு இதுதான். அந்த லேத் ஓடுகிற வரைக்கும் அவர் இங்கே இருப்பார். லேத் நின்றால் மறுபடி பிளேன் ஏறிவிடுவார். இதை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசினதில்லை. ஊரையே பேசித் தீர்க்கிற எனக்கு இந்த ஒன்றைப் பேசப் பயம்.

பட்டறை போட்ட புதிதில் ஒரு புயல் வந்தது. அது காற்றுப் புயல், மழை பேருக்குத்தான். கரும்பு பூராவும் படுத்துவிட்டது. சவுக்குத் தோப்பு முறிந்து கிடந்தது. எங்கள் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போய், ஒன்றை நாலு வயல் தள்ளி ஒரு பனைமரத்தில் மாட்டிவைத்திருந்தது. கூரை போனதும் சுவரோரம் நின்ற இரும்பு ரேக் சாமான்களோடு லேத்தின் மேல் சாய்ந்தது. லேத்தை மறுபடி ஓடவைக்க மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசுவார். மஸ்கட் போர்மேனோடுதான் என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே. எப்படியோ லேத் ஓடியது, அந்தப் போன் பேச்சும் நின்றது.

அன்றிலிருந்து எங்களுக்குப் புயல் என்றால் காற்று. தண்ணீரைப் பற்றிய நினைப்பே கிடையாது. எங்கள் பட்டறை இருந்த இடம் மேடு என்று ஊரே சொல்லும்.

இப்போது சமீபத்தில், ஒரு கார்த்திகை மாதம், மறுபடி புயல் என்றார்கள். எங்கள் பக்கம் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு கடலூர் மாவட்டம். அதனால் எங்களுக்கு எல்லாமே இரண்டு இரண்டாக வரும். மைக் கட்டிய ஆட்டோவும் அப்படித்தான். இந்த ஆட்டோ இன்றைக்குக் கரையைக் கடக்கும் என்று கத்திவிட்டுப் போனால், அந்த ஆட்டோ நாளைக்கு என்று கத்தும். புயல் என்னடாவென்றால் கடலில் நகராமல் நின்றுகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது. ஜனங்கள் பால் பாக்கெட், ரொட்டி, மெழுகுவத்தி என்று அலைந்தார்கள். ஆம்பிளைகள் பாதிப் பேர் வேறொரு கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். கடையை மூடிவிடுவானோ என்று அவர்களுக்கு அந்தக் கவலை.

நான் பாகூர் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போனேன். ஹார்டுவேர் கடை. ஆணியிலிருந்து தார்ப்பாய் வரைக்கும் எங்களுக்கு அவர்தான். அன்றைக்குக் கடைக்குள் நிற்க இடமில்லை.

"இன்னா தங்கச்சி, பட்டறைக்கா?" என்றார் பாய்.

"ஆமாம் பாய். கம்பிக் கயிறு வேணும். போன தடவ மாதிரி ஷீட்டப் பறக்க வுட்டுட்டு வாயப் பொளந்துகினு நிக்க முடியாது."

"எடுத்துக்கோ. கிரீசும் ஒரு டப்பா எடுத்துக்கோ, லேத்துக்கு நல்லா அப்பி வுடு. நானும் மேல் அலமாரி சாமானப் பூரா தரைக்கு எறக்கிட்டன் பாரு. காத்து எட்டுன எடத்துலதான கை வெக்கும்?"

கடையில் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். அந்தக் காற்றைப் பார்த்தவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரியாததா?

வந்து வேலையை ஆரம்பித்தோம். ஷீட்டின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார். கம்பிக் கயிற்றைக் கூரைக்குக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கமும் தரையில் இரும்பு ஆங்கிள் அடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். ஷட்டருக்கு உள்ளே குறுக்காக ஒரு இரும்புக் குழாயைக் கொடுத்து முட்டுக் கட்டினார். பக்கத்து வேப்பமரத்தில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த கிளையை வெட்டித் தள்ளினார். லேத்தை நகர்த்த முடியாது. அதைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். அதற்கு உடம்பு முழுக்க கிரீஸ் தடவி, சாக்குப் போட்டு, அதற்கு மேல் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினோம். சளி பிடித்த குழந்தைக்கு மாதிரி இழுத்து இழுத்துப் போர்த்திவிட்டார் அவர். எனக்கே பொறாமையாக இருந்தது.

அப்புறம் உயரத்தில் இருந்த சாமான் எல்லாவற்றையும் இறக்கினோம். பட்டறைக்குள் சுவரிலிருந்து சுவருக்கு ஆங்கிள் போட்டுப் பலகை அடித்த ஒரு பரண் உண்டு. அதில் ஒரு துரும்பு மிச்சம் வைக்கவில்லை. டிரில், கிரைண்டர், கம்பி ரீல், ஸ்பேனர் டிரே, நான் காயில் சுற்றுகிற மெஷின், எல்லாம் தரைக்கு வந்தது. லேத்தின் மோட்டாரைத் தனியாகக் கழற்றி லேத்துக்கு அடியிலேயே தள்ளி வைத்தார். கூரையே இடிந்து விழுந்தாலும் லேத் தாங்கிக்கொள்ளும், மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

"இதுக்கு மேல எந்தக் காத்து வந்து புடுங்குதுன்னு பாக்கறன்" என்றார். அவருக்கு அது பெரிய பிரசங்கம்.

மிச்சம் இருந்தவை அடுத்தவர் மோட்டார்கள். மழைக்காலத்தில் எங்கள் பட்டறை நிறைய போர்வெல் மோட்டார்கள் கிடக்கும். வயலுக்கு இறைக்கத் தேவையில்லாத நாட்களில்தான் ஜனங்கள் மோட்டாரை வெளியே எடுத்து ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள். வேலை முடிந்த பிறகும், தை பிறக்கட்டும் என்று எங்களிடமே விட்டுவைப்பார்கள். குழாய் குழாயாகப் பின்சுவரில் சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் சொந்தக்காரர் பேரை எழுதிவைப்பேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நம் சாமான் போனால் போகட்டும், வேலைக்கு வந்த சாமானில் ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்தால் அந்தக் கதை டீக்கடையில் நம் காலத்துக்குப் பிறகும் ஓடும். அதனால் அவற்றையும் சாயாமல் தரையில் படுக்கவைத்துச் சங்கிலி போட்டுக் கட்டினோம்.

அதில் ஒன்று பக்கத்து வயல் கரும்புக்காரருடையது. டிராக்டர் வைத்திருப்பவர், நல்ல மனுஷன், ஆனால் தன் பொருள் என்றால் தூக்கம் வராது. அன்றைக்குச் சாயந்தரம் தூறலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, என் மோட்டாரு பத்தரமா கீதா?"

"உங்க மோட்டாரு வூட்டு மாப்ள மாதிரி படுத்துகினு கீதுண்ணா. போயி நிம்மதியாத் தூங்குங்க."

"மேலேருந்து ஏதாச்சும் வுழுந்துடப் போவுது."

"எங்க லேத்து மேல வுழுந்தாலும் வுழும், உங்க மோட்டாரு மேல வுழாது. போதுமா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். நாங்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ஊருக்குள் வீட்டுக்கு வந்தோம். மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள்.

காற்று வந்தது. வீட்டு ஜன்னல் கதவைப் பிடித்து அறைந்து அறைந்து பார்த்தது. நான் லேத்தை நினைத்துக்கொண்டு கிடந்தேன். பக்கத்தில் அவரும் அதைத்தான் நினைத்திருப்பார். இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி நடித்தோம்.

விடிந்தும் விடியாமலும் கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் ஓடினோம். ரோட்டில் மரங்கள் குறுக்கே கிடந்தன. கரண்டுக் கம்பி அறுந்து தொங்கியது. வளைவு திரும்பியதும் பட்டறை தெரிந்தது. கூரை இருந்தது! ஒரு ஷீட்டுகூட நகரவில்லை. மணல் மூட்டைகூட வைத்த இடத்திலேயே இருந்தது.

"நிக்குதுடி!" என்று கத்தினார். அந்த ஆள் கத்தி நான் கேட்டதே அன்றைக்குத்தான். நடுரோட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாராவது பார்க்கப் போகிறார்களே என்று நான் உதறினேன். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உள்ளே போய்த் தார்ப்பாயைத் தூக்கி லேத்தைப் பார்த்தோம். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சாமான்களை மேலே ஏற்றிவிடலாமா என்று கேட்டேன். காற்று திரும்ப அடித்தாலும் அடிக்கும், இரண்டு நாள் இப்படியே கிடக்கட்டும் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அன்றைக்குப் பகல் முழுக்க மழை. வானத்தைப் பொத்துவிட்ட மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தது. ஊற்றினால் என்ன, அதுதான் கூரை இருக்கிறதே என்று நான் வீட்டில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டுப் படுத்தேன்.

மழை ஓய்ந்து, மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. தெருவெல்லாம் பாயும் துணியும் காய்ந்தது. அவர் பட்டறையைத் திறக்கப் போய்விட்டார். காலையில் ஆட்டோ வந்து, மேற்கே அணையைத் திறந்துவிட்டார்கள், ஆற்றில் தண்ணீர் அதிகமாக வருகிறது, கரையோரத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போங்கள் என்றது. நாங்கள் எங்கே கரையோரத்தில் இருக்கிறோம்? நாங்கள்தான் அந்த மேடு. நான் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, தூக்குவாளியில் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பட்டறைக்கு முன்னால் ஒரு வாய்க்கால் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டும்போது என்னவோ சரியில்லை என்று பட்டது. நின்று பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் எதிர்ப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் வயலிலிருந்து ஆற்றுப் பக்கம் போகிற தண்ணீர், அன்றைக்குச் செக்கச்செவேல் என்று நுரையோடு வயலைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் வெயில். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"இன்னாங்க! தண்ணி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அவர் வெளியே வந்து பார்த்தார். முதலில் நம்பவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ரோட்டில் ஏறி, கரும்பு வயலுக்குள் இறங்கி, பட்டறை வாசல் படியில் வந்து நின்றது. அடுத்த நிமிஷம் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் தரையில் அடுக்கி வைத்திருந்த அத்தனை சாமான்களுக்கும் நடுவில், வீட்டுக்காரி மாதிரி நுழைந்தது.

அவர் தரையில் கிடந்ததையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் நேராகப் பின்சுவருக்குப் போனார். மேல் ஆங்கிளில் பூட்டியிருந்ததால் இறக்காமல் விட்ட செயின் பிளாக்கின் கொக்கியை இறக்கினார். பாரத்தைத் தூக்குகிற அந்தச் சங்கிலியை என் கையில் கொடுத்தார்.

"அடுத்தவன் பொருளுடி. மொதல்ல அத்த ஏத்து."

நான் மாட்டேன் என்று சொன்னேனா? இல்லையே! "கரும்புக்காரரோடத மொதல்ல மாட்டுங்க. இல்லன்னா அந்த ஆளு ஊரு பூரா தமுக்கு அடிப்பாரு" என்று நானேதான் சொன்னேன். அவர் மோட்டாரைக் கட்டி மாட்டுவார். நான் சங்கிலியை இழுப்பேன். கை வலிக்க வலிக்க இழுத்தாலும் விரல்கடை உயரம்தான் எழும்பும். பரண் உயரத்துக்கு வந்ததும் அவர் ரேக்கில் கால் வைத்து ஏறி, மோட்டாரை உருட்டிப் பலகையில் சேர்ப்பார். அடுத்தது. அதற்கடுத்தது. சாக்பீஸில் எழுதின பேரெல்லாம் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. எது யாருடையது என்று பிறகு சண்டை வருமே என்று, கரைவதற்குள் ஒவ்வொரு பேரையும் உரக்கப் படித்து மனப்பாடம் பண்ணினேன். கரண்டைக் காலுக்கு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். உள்ளங்கை தோல் உரிந்தது. எனக்குள் ஒரு வெறி வந்திருந்தது. ஒன்றைக்கூட விடமாட்டேன் என்ற வெறி. கடைசி மோட்டாரும் பரண் ஏறினபோது எனக்கு அப்படி ஒரு பெருமையாக இருந்தது.

அப்போது தண்ணீர் என் இடுப்பில் இருந்தது.

அவர் லேத்தின் பக்கம் திரும்பினார். நாங்கள் சுற்றிக் கட்டின தார்ப்பாய் காற்று அடைத்துக்கொண்டு மிதந்தது. லேத்தின் மோட்டார் அடியில் எங்கோ முழுகிக் கிடந்தது. ஆனால் லேத்தின் தலை, இரும்புத் துண்டைக் கவ்விச் சுற்றுகிற சக்கும், பல் சக்கரமும் பேரிங்கும் இருக்கிற பாகம், இன்னும் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது. அதுதான் அதற்கு உயிர். நாலு போல்ட்டைக் கழற்றினால் தலை தனியாக வந்துவிடும். செயின் பிளாக் கையிலேயே இருந்தது.

"ஸ்பேனர் குடு" என்றார்.

ஸ்பேனர் டிரேவைத் தரையில் இறக்கி வைத்திருந்தோம்.

அவர் காலால் துழாவினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுகினார். கையில் ஏதோ ஒரு ஸ்பேனரோடு எழுந்து வந்து போட்டுப் பார்த்தார். அளவு வேறு. தூர எறிந்துவிட்டு மறுபடி முழுகினார். தண்ணீர் லேத்தின் தலையைத் தொட்டது. நான் கத்தத் தொடங்கினேன். "வுடுங்க, போவட்டும், வாங்க" என்கிறேன், அவர் காதில் ஏறவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அந்த ஆள் முழுகினதும் தண்ணீர் அவர் தலைக்கு மேல் மூடிக்கொள்கிறது, நான் எண்ணிக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பாழாய்ப்போன லேத்தை என் வாயாலேயே சபித்தேன்.

ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டது. கரும்புக்காரர்தான். வண்டியை ரோட்டு மேட்டிலேயே நிறுத்திவிட்டுக் கயிற்றை வீசினார்.

"டேய்! வெளிய வாடா! உசுரு இருந்தா மிசினு! அந்தப் பொம்பளையப் பாருடா!"

நான் என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. கிழிந்தாலும் விடாமல் இழுத்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு எப்படி ரோட்டுக்கு வந்தோம், எப்படி டிராக்டரில் ஏறினோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பட்டறைக்குள் கணுக்கால் புதைகிற சேறு. என் காயில் மெஷின் சேற்றுக் கட்டியாகக் கிடந்தது. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. லேத்தின் தலையைத் திறந்தார். எண்ணெய் இருக்கவேண்டிய இடத்தில் குழைந்த மண். டீசல் ஊற்றிக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறேன் என்பார், வரமாட்டார். எப்படியோ மூட்டி, யாரிடமோ கேட்டு வாங்கிய மோட்டாரை மாட்டி ஒரு நாள் ஓட்டினார். கரகரவென்று சத்தம் வந்தது. ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கடைந்தார். அளந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வட்டமாக வரவேண்டியது முட்டை மாதிரி வந்திருந்தது.

"சரியாப் பூடும், இன்னும் ரெண்டு தடவ கழுவிப் பாருங்க" என்றேன்.

அவர் சக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பரணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மோட்டார்கள் ஈரம் படாமல் வரிசையாகப் படுத்திருந்தன. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் கரும்புக்காரர் மோட்டாரை எடுத்துப்போக வந்தார். தை பிறக்கிற வரை இங்கேயே விட்டுவைக்க அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு ஆள் கூட வந்திருந்தார்கள். உள்ளே வந்ததும் தரையில் தேடினார்.

"எங்கடா என்னுது?"

"மேல கீதுண்ணா" என்று காட்டினார் என் வீட்டுக்காரர்.

"மேலயா? அங்க எதுக்குடா போச்சு?"

"தண்ணி வந்துதில்ல... ஏத்திட்டோம்."

கரும்புக்காரர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடப் பாவி! போருக்குள்ள தண்ணியிலயே முழுவிக் கெடக்கற மோட்டாருடா அது! அத்தப் போயி தண்ணி வருதுன்னு பரண் மேல ஏத்துனியா? நல்லா ஏத்துனடா போ!" கூட வந்தவர்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

அந்த மோட்டாரின் காயிலைத் தண்ணீர் ஏறாத கம்பியில் சுற்றுகிறவள் நான். சுற்றி முடித்து மூடும்போது உள்ளே நல்ல தண்ணீரை ஊற்றி மூடுகிறவளும் நான்தான். வருஷக்கணக்காகச் செய்கிற வேலை. அந்த நேரத்தில் எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அடுத்தவர் பொருள் என்பது மட்டும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. முந்தின நாள் அவர் அண்ணாந்து எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது புரிந்தது. புரிந்தும் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"சிரிக்காதீங்கண்ணா!" என்று கத்திவிட்டேன். "உங்களுதாச்சேன்னு ஏத்துனோம். எங்க லேத்தோட தலையக் கழட்ட வேண்டிய நேரத்துல உங்க மோட்டாருக்குச் சங்கிலி இழுத்துகினு இருந்தன். இந்தாங்க, கையப் பாருங்க. சிரிக்காதீங்க!"

அவர் சிரிப்பு நின்றது. என் உள்ளங்கையைப் பார்த்தார். அப்போதுதான் லேத்தின் பக்கம் திரும்பி, கழுவுவதற்காக மறுபடி திறந்து போட்டிருந்த அதன் தலையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சும்மா இருடி" என்று என் வீட்டுக்காரர் என்னை அதட்டினார். "அண்ணன் அன்னிக்கு வரலன்னா நாம ரெண்டு பேரும் இல்ல." அப்புறம் அவரே செயின் பிளாக்கைப் பிடித்து, அந்த மோட்டாரை எங்கும் இடிக்காமல் இறக்கி, பனியன் துணியால் துடைத்து, டிராக்டரில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்தார். கரும்புக்காரர் லேத்தின் பக்கம் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்று தெரிந்தது. என்ன செய்வது, நான் பேசினது பேசினதுதான்.

அன்றைக்குச் சாயந்தரம் நான் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அவர் கை கால் கழுவிவிட்டு வந்து கூடத்தில் நின்றார். ரொம்ப நேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் பாஸ்போர்ட்டு எங்க வெச்சிகிற?" என்றார்.

எனக்கு எத்தனையோ பேச்சு வரும். அன்றைக்கு நேராகப் பீரோவுக்குப் போனேன். தண்ணீர் வீட்டுக்குள்ளும் முழங்கால் உயரம் வந்து போயிருந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த என் கல்யாணப் புடவை சாயம் போய்க் கிடந்தது. கட்டில் கால் ஊறிப்போயிருந்தது. அவர் லேத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்த அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து, ஒழுகினால் நனைந்துவிடக் கூடாதே என்று, ரேஷன் கார்டு, பத்திரம், மகள் சர்டிபிகேட் எல்லாவற்றோடும் அந்தப் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பாலித்தீன் கவரில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு கவர் போட்டு, வாய்க்கு நூல் கட்டிப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

எடுத்து நூலைப் பிரித்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் கையில் கொடுத்தேன்.